வெள்ளிக்கிழமை நான் கொன்ற ஆறு புரோசஸ்

நான் ஓய்வு பெறும்வரை, யாராவது என் முன்னால் 'கில் மைனஸ் நைன்' என்று அடிக்கப் போனால், "பொறுங்க, அது யார்ட வேலை?" என்று கேட்பேன். என் முதுகுக்குப் பின்னால் உங்களில் சிலர் அதே குரலில் அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். தேநீர் அறைக் கதவு மெல்லியது. கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கல்முனையில், வயல்களுக்கு நீர் பங்கிடுவதற்காக வெளிநாட்டு உதவியோடு நடந்த ஒரு திட்டத்தின் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். அங்கே நான் கம்பியூட்டர் ஒப்பரேட்டர். கம்பியூட்டர் என்றால் உங்கள் மடியில் கிடக்கிற சாமான் இல்லை. ஓர் அறைக்குள் ஒரு யுனிக்ஸ் பெட்டி. அதிலிருந்து வயர் இழுத்து வெளியே நாலு டெர்மினல். படம் இல்லை, மவுஸ் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எதைச் செய்வதென்றாலும் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். முழுக் கந்தோரிலும் ஏசி பூட்டியது அந்தப் பெட்டியின் அறைக்கு மட்டும்தான். எங்கள் டிரெக்டர் சேருக்கே மேசை விசிறிதான். வெயில் காலத்தில் அவர் அடிக்கடி வந்து பெட்டியின் சுகம் விசாரித்துவிட்டுப் போவார்.

பெட்டியைப் பூட்டித் தந்த கொழும்பு இஞ்சினியர் மூன்று நாள் பாடம் நடத்தினார். அதில் என் மனதில் நின்றவை இரண்டு. 'பீஎஸ்' என்று அடித்தால் உள்ளே எந்தெந்தப் புரோசஸ் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். 'கில்' என்று அடித்து அதன் இலக்கத்தைக் கொடுத்தால் அது நிற்கும். வெறும் கில் என்றால், நிறுத்திக்கொள் என்று சொல்லி அனுப்புவது. புரோசஸ் கையிலிருப்பதை ஒழுங்காக வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போகும். மைனஸ் நைன் சேர்த்தால் சொல்லி அனுப்புவதெல்லாம் கிடையாது, கழுத்தைத் திருகுவதுதான். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பொறுமை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

இன்னொரு விசயம். எல்லோரும் ஒரே பெயரில்தான் உள்ளே போவோம். ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிழமைக்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். டிரெக்டர் சேர், "ஒரே குடும்பம்தானே, ஒரே பேரு போதும்" என்று தீர்ப்புச் சொன்னார். அதனால் பீஎஸ் காட்டும் வரிகளில் எது யாருடையது என்று பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நாலு டெர்மினலுக்கு ஆண்கள் ஏழு பேர். எங்கள் பக்கம் பஸ்ஸுக்குள் ஏறுமுன் ஜன்னலால் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, போட்டு சீட் பிடிப்பார்கள். போட்ட லேஞ்சியை யாரும் தொடமாட்டார்கள், அது ஒரு மரியாதை. எங்கள் ஆட்கள் இந்த மரியாதையைக் கந்தோருக்குள்ளும் கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு எழும்பும்போது கதிரையில் ஒரு லேஞ்சி, திரையில் திறந்தபடி ஒரு புரோகிராம். திரும்பி வந்ததும் அந்த இடம் அவருடையது. ஆனால் திறந்து கிடக்கும் ஒவ்வொரு புரோகிராமும் பெட்டிக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனதும் நான் பீஎஸ் அடித்து, பக்கத்தில் 'எஸ்' என்று போட்டிருப்பதையெல்லாம், அதாவது தூங்குவதையெல்லாம், கழுத்தைத் திருகிவிடுவேன். பெட்டி வேகமாகும், என் வேலை சுருக்காக முடியும். அவர்கள் திரும்பி வந்து, "எங்க என்ட மெனு?" என்று கேட்டால், "கரண்ட் ஒருக்கா போய் வந்திச்சு" என்பேன். அந்தக் காலத்தில் கரண்ட் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்புவார்கள்.

இப்படிப் பல வெள்ளிக்கிழமை போனது.

மாரிக்கால நெல் விதைப்பான பெரும்போகத்துக்கு முன் கன்னக் கூட்டம் வரும். எந்த வயல்பரப்புக்கு எந்த நாளில் வாய்க்கால் திறப்பது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி முடிவெடுக்கும் கூட்டம் அது. அந்த வருசம் முதல் தடவையாக நீர்முறைப் பட்டியல் கம்பியூட்டரில் வரப்போகிறது என்று சேர் எல்லா இடமும் சொல்லி வைத்திருந்தார். கூட்டம் வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணிக்கு. பட்டியல் இல்லாவிட்டால் கூட்டம் அடுத்த கிழமைக்கு, அதாவது ஏழு நாள் தள்ளி, போகும்.

பட்டியலுக்குப் பொறுப்பு நிந்தவூர்க் காக்கா. எங்கள் வீடுகளில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா. கந்தோரில் கம்பியூட்டர் உண்மையாகத் தெரிந்த ஒரே மனிதர். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதலாம் டெர்மினலில் பட்டியல் புரோகிராமை ஓடவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"தங்கச்சி, லிஸ்ட் ஓடுது. முழுக்கச் சேர்த்து முடிச்சிட்டுத்தான் பிரின்ட் பண்ணும். கை வெச்சிராதீங்க."

"நான் ஏன் காக்கா கை வெக்கிறன்?" என்றேன்.

ஆண்கள் போனார்கள். கந்தோரில் மிஞ்சியது மூன்று பேர். நான், தட்டச்சு செய்கிற காரைதீவு அக்கா, பிறகு மர வாங்கில் உட்கார்ந்திருந்த சவளக்கடை வட்டவிதானையார். வட்டவிதானை என்றால் ஒரு வயல்பரப்புக்கு நீர் பாயும் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள விவசாயிகள் வைத்திருக்கும் ஆள். பட்டியலைக் கையோடு கூட்டத்துக்குக் கொண்டுபோக வந்திருந்தார். பத்து நிமிசத்துக்கொரு தடவை எழும்பி வந்து பிரின்டரைப் பார்த்தார்.

"மிஸ், இண்டைக்கு லிஸ்ட் வந்திருமா?"

"வரும் விதானையார். ஏன் இவ்வளவு அந்தரம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நாள் குறிச்ச பொறகுதான் விதைய ஊறப்போடுற. நான் எங்கட ஆக்கள முந்தியே போடச் சொல்லிட்டன். சாக்குக்குள்ள முளை வந்திட்டு. இண்டைக்கு நாள் குறிச்சா நாளைக்குக் காலம எங்கட வாய்க்காலுக்குத்தான் முதல் தண்ணி. இல்லாட்டி, வாற கிழமைக்குள்ள எல்லாம் அழுகிரும். மறுகா நான் ஊருக்குள்ள எப்பிடி மிஸ் போற?"

என்னைவிடப் பொறுமை இல்லாத ஒருவரை அன்றுதான் கண்டேன். உடனே எனக்கு அவர் மேல் பாசம் வந்துவிட்டது. அந்தப் பாசம்தான் வினை.

பிரின்டர் மௌனமாகவே இருந்தது. பெட்டி வழமையைவிட மெதுவாக இருந்தது. ஓர் எழுத்து அடித்தால் அது திரையில் வர யோசித்தது. இந்த மனிதரின் முளை அழுகிறது, நம்முடைய ஆட்களின் லேஞ்சிகள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன என்று எனக்கு எரிச்சல் ஏறியது. பீஎஸ் அடித்தேன். என்னுடையதை விட்டால் ஏழு வரி. ஆறின் பக்கத்தில் 'எஸ்'. ஒன்றின் பக்கத்தில் மட்டும் 'ஆர்', ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் நேரக்கணக்கு மூச்சுவிடாமல் ஏறியது. இவ்வளவு பாடுபட்டு உழைப்பது பட்டியலைத் தவிர வேறு எதுவாக இருக்கும்? அதை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டு, தூங்கிய ஆறையும் ஒவ்வொன்றாக மைனஸ் நைனால் முடித்தேன். விதானையார் பக்கம் திரும்பி, "இனிப் பாருங்க வேகத்த" என்றேன்.

முதலாம் டெர்மினலில் இருந்த காக்காவின் திரை அழிந்து, பெயரைக் கேட்கும் முதல் வரி வந்து நின்றது.

பட்டியல் தூங்கவில்லை, பிள்ளைகளே. ஒரு விவசாயியின் விபரத்தை டிஸ்க்கிடம் கேட்டுவிட்டு அது வரும்வரை காத்திருந்தது. வந்ததும் அடுத்ததைக் கேட்டுவிட்டு மறுபடியும் காத்திருந்தது. காத்திருப்பதற்கும் பெட்டி போடும் அடையாளம் அதே 'எஸ்'தான். இதை நீங்கள் முதல் கிழமையிலேயே படித்துவிடுகிறீர்கள். நான் அந்த நிமிசத்தில் படித்தேன்.

பட்டியலை மறுபடி ஓடவிட்டேன். 'கோப்பு வேறொருவரின் பாவனையில் இருக்கிறது' என்று சொல்லி அது திரும்பிவிட்டது. இன்னொரு தடவை. அதே பதில். அந்த வேறொருவர் யார்? உள்ளே மிச்சமிருப்பது அந்த ஓடுகிற ஒன்றுதான். அப்படியென்றால் அதுதான் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதையும் கொல்வதா, பெட்டியையே நிறுத்திப் போடுவதா என்பதுதான் பாக்கி. எழும்பி ஏசி அறைக்குள் போய் சிவப்பு சுவிட்சில் கையை வைத்தேன்.

"கையை எடுகா."

பின்னால் காரைதீவு அக்கா. அவவுக்குக் கம்பியூட்டரில் ஒரு சொல் தெரியாது. ரோனியோவில் பிரதி எடுக்க ஸ்டென்சில் அடிப்பதுதான் அவவின் வேலை.

"நேரமில்ல அக்கா!"

"எத்தினய நிப்பாட்டினாய்?"

"ஆறு."

"அதுல எத்தின பிழையாப் போச்சு?"

"ஒண்டு. அந்த ஒண்டுதான் லிஸ்ட்."

"இப்ப ஏழாவதையும் தெரியாமத்தானே நிப்பாட்டப் போறாய்? ஸ்டென்சில்ல ஒரு எழுத்துப் பிழைச்சா நான் அந்த இடத்திலயே திருப்பித் திருப்பி அடிக்கிறதில்ல. அடிச்சா ஓட்டதான் விழும். கையை எடுத்துட்டு, எந்த எழுத்து எண்டு முதல்ல பாக்கிற."

கையை எடுத்தேன். மனமில்லாமல்தான் எடுத்தேன். ஆனால் மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது. பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றானாலும், எந்த டெர்மினலிலிருந்து வந்தது என்று ஒரு நிரலில் போட்டிருந்தது. ஓடுகிற புரோசஸ் மூன்றாம் டெர்மினலுடையது. அது எங்கள் டெக்னிக்கல் ஒபிசர் தம்பியின் இடம், மருதமுனைப் பொடியன். அவனிடம் கேட்டால் தெரியும். அவனோ பள்ளிவாசலுக்குள், குத்பாப் பிரசங்கம் நடக்கிறது. நான் போய் ஆண்களுக்கு நடுவில் நின்று கூப்பிட முடியாது.

"நான் போறன்" என்று விதானையார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

ஒரு கடதாசியில், 'மூன்றாம் நம்பர் உங்களுடையதா? கொல்லட்டுமா? உடனே பதில் தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. அது யுத்த காலம், பள்ளிவாசல் போகும் வழியில் ராணுவத்தின் காவல் சாவடி இருந்தது. "இதோட இவரு சென்ட்ரியத் தாண்டினா லிஸ்டும் வராது, இவரும் வரமாட்டாரு" என்று கிழித்துப் போட்டுவிட்டு, வேறொன்றை மரியாதையாகத் தட்டச்சு செய்து கொடுத்தா.

அவர் போய்த் திரும்பும்வரை நான் ஒன்றும் செய்யவில்லை. உத்தியோக காலம் முழுவதிலும் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். சாவிப்பலகையில் கை போகாமலிருக்க உள்ளங்கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த 'ஆர்' நேரத்தை ஏற்றிக்கொண்டே போனது.

விதானையாருக்கு அந்தத் தம்பியின் பெயர் தெரியாது, முகமும் நினைவில்லை. பள்ளிவாசல் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் அடக்கமாக நின்று, தொழுகை முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், "தம்பி, மூண்டாம் நம்பர் நீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சிலர் லொத்தர் சீட்டு விழுந்துவிட்டது என்று நினைத்துத் தாங்கள்தான் என்றிருக்கிறார்கள். கடைசியில் உண்மையான மூன்றாம் நம்பர், தலையில் தொப்பியோடும் கையில் ஒற்றைச் செருப்போடும் சைக்கிள் கரியரில் வந்து இறங்கியது. மற்றச் செருப்பைத் தேட விதானையார் விடவில்லையாம்.

"இது என்ன தம்பி ஓடுது?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "ஒண்டுமில்ல ராத்தா."

"ஒண்டுமில்லாததுக்கா இவ்வளவு ஓட்டம்?"

"நீங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படுத்துக் கிடக்கிற எல்லாத்தையும் கொல்றீங்க. ஓடுறத்தத் தொடுறல்ல. அதான் சும்மா ஒண்ட ஓடவிட்டன். எடம் போகாமப் பாத்துக்கும்."

"என்ன செய்யுது அது?"

"ஒண்டுல இருந்து எண்ணுது."

"எதுவரைக்கும்?"

"அதுக்கு முடிவு வெக்கல்ல ராத்தா."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுமே செய்யாமல் ஓடியதைப் பொன்போலக் காத்து, காத்திருந்து வேலை செய்ததைக் கொன்றிருக்கிறேன். அவனுக்கு அந்த யோசனையைக் கொடுத்ததும் நான்தான். அவன் கையாலேயே, வெறும் கில்லால், எண்ணுவதை நிறுத்தினான். பெட்டி வேகம் கண்டது. பட்டியலை ஓடவிட்டேன்.

'கோப்பு வேறொருவரின் பாவனையில் இருக்கிறது.'

உள்ளே ஒருவருமே இல்லை. இனி யார்?

அந்த நேரம்தான் நிந்தவூர்க் காக்கா உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், ஊமையாக நின்ற பிரின்டரைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"கரண்ட் போனதா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன், "ஓம் சேர், ஓம்! ஒருக்காப் போய் வந்திச்சு" என்றார் விதானையார். என் முகம் அவருக்கு அவ்வளவு பாவமாக இருந்திருக்க வேண்டும். தம்பி என்னைப் பார்த்தான். அக்கா தட்டச்சு மெசினைப் பார்த்தா.

காக்கா சந்தேகப்படவில்லை. "அப்ப பைல் எல்லாத்தையும் செக் பண்ணிச் சரிக்கட்டாம லிஸ்ட ஓடவிட ஏலாது. அசர் ஆகும்" என்று பெருமூச்சு விட்டு, கதிரையில் உட்கார்ந்து, கட்டளையை அடிக்கத் தொடங்கினார். அசர் தொழுகை என்றால் மூன்றரை மணி. கூட்டம் இரண்டரைக்கு. விதானையாருக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அவர் எனக்குத் தலையாட்டினார்.

எனக்குக் கணக்கு விளங்கியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வழமையான வெள்ளிக்கிழமைதான். ஒருவரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். இந்த மனிதரின் சாக்குகள் மட்டும் அழுகும்.

"காக்கா, நிப்பாட்டுங்க. கரண்ட் போகல்ல."

அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"நான்தான் லிஸ்ட்டக் கொன்டுட்டன். தூங்குது எண்டு நெனச்சன். இதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் கரண்ட் போகல்ல. எல்லாம் நான்தான்."

விதானையார் அண்ணாந்து சீலிங்கை ஆராயத் தொடங்கினார். காக்கா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எதால கொன்டீங்க?"

"மைனஸ் நைனால."

"கரண்ட் போகவே இல்ல? சத்தியமா?"

"வல்லாஹி இல்ல காக்கா."

அவர் முகம் மலர்ந்தது! "அப்ப பைலுக்கு ஒண்டும் ஆகியிருக்காது. லொக் மட்டும்தான் கிடக்கும்" என்றார்.

பட்டியல் புரோகிராம் உள்ளே போகும்போது, நான் இங்கே இருக்கிறேன் என்று சின்ன ஒரு கோப்பை எழுதி வைக்கும். வேலை முடிந்து போகும்போது அதை அழிக்கும். வெறும் கில்லால் நிறுத்தியிருந்தாலும் அழித்துவிட்டுத்தான் போயிருக்கும். நான் கழுத்தைத் திருகியதால் அழிக்க நேரமில்லை. செத்துப் போனவரின் துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு, ஆள் உள்ளே இருக்கிறார் என்று பெட்டி எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. காக்கா அதை ஒரே வரியில் அழித்தார். அதை அடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்காதீர்கள், இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எண்ணுகிறவனும் இல்லாததால் பட்டியல் பாய்ந்து ஓடியது. இரண்டரைக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது பிரின்டர் கத்தத் தொடங்கியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை. கடைசித் தாள் வர முன் கூட்டம் தொடங்கிவிட்டது. ஆனால் டிரெக்டர் சேர், வாசலைப் பார்த்துப் பார்த்து, தண்ணீரின் அருமையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசியிருக்கிறார். தண்ணீரின் அருமையை அறிந்தவர்கள் அவர் முன்னால் கொட்டாவி விட்டபடி கேட்டிருக்கிறார்கள். பட்டியல் போய்ச் சேர்ந்தது. நாளும் குறித்தார்கள். அடுத்த நாள் காலை சவளக்கடை வாய்க்காலுக்குத் தண்ணீர் போனது, முளையெல்லாம் மண்ணுக்குப் போனது.

இதிலிருந்து கட்டளைகளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு நாள் உங்கள் கையாலும் ஒன்று சாகும். அப்போது நல்ல மனம் படைத்த யாராவது, கேட்காமலே, உங்கள் கையில் ஒரு சாக்குப்போக்கை வைப்பார்கள். அதை வாங்கிக்கொண்டால் உங்களுக்குப் பிறகு அந்தக் கதிரையில் உட்காருபவர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பார். எப்படிச் செத்தது என்று உண்மையாகச் சொன்னால்தான் எப்படி எழுப்புவது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மனிதர் எனக்காகச் சொன்ன பொய்யை நான் வாங்கிக்கொண்டிருந்தால், அது அவருடைய வயலிலேயே போய் விழுந்திருக்கும்.

பட்டியலை பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டி சைக்கிளில் ஏறிய விதானையார், கேற்றடியில் காலூன்றி நின்று என்னைக் கூப்பிட்டார். முகத்தில் வெட்கம்.

"மிஸ், அந்த லிஸ்ட் சேர் என்னப் பொய்க்காரன் எண்டு நெனப்பாரோ?"

"இல்ல விதானையார்."

"இனி இப்பிடி ஒண்டு நடந்தா நான் என்ன சொல்லணும்?"

"நீங்க ஒண்டும் சொல்லாதீங்க" என்றேன். "நானே சொல்றன்."